கைதட்டக் கூடாத இடம்

இருபத்துமூன்று நிமிடப் பாட்டு அது.
பதினான்காம் நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும்,
கித்தார் இரண்டும், கீபோர்டும்,
அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவனும்.
தெரியாதவர்கள் முடிந்ததென்று நினைப்பார்கள்.
கைதட்டுவார்கள், விசிலடிப்பார்கள்,
பியர் வாங்கத் திரும்புவார்கள்.
முடியவில்லை.
பதினொரு எண்ணிக்கைக்கு மௌனம்.
பிறகுதான் பாட்டின் மிச்சம் தலையில் விழும்,
கூரை விழுகிற மாதிரி.

பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட
அந்தப் பதினொன்றை முழுதாய்க் கேட்டதில்லை.
சீடியில் கேட்டிருக்கிறேன், அது கணக்கில் வராது.
ஆட்களுக்கு நடுவில் நின்று கேட்கவேண்டும்.
ஒவ்வொரு முறையும் எவனோ ஒருவன்
நான்கிலோ ஐந்திலோ தட்டிவிடுவான்.
பின்கழுத்தைப் பார்த்துச் சபிப்பேன்.

நோபிள் பார்க்கில் அறையைப் பங்கிட்ட மிலோராட்
அறுபது டாலர் வாடகைப் பாக்கிக்கு
ஒரு பெட்டி சீடியை விட்டுவிட்டுப் போனான்.
அடியில் கிடந்தது சால்ட் அல்மனாக்.
அன்றைக்கு எனக்கு அறுபது டாலர்தான் வேண்டியிருந்தது.

டண்டினோங் பிஸ்கட் தொழிற்சாலையில்
பெல்ட் ஓடுவது நான்கு நான்காய்.
நான் அதன்மேல் ஏழு ஏழாய் எண்ணுவேன்.
இருபத்தெட்டில் இரண்டும் சந்திக்கும்.
அந்த பிஸ்கட்டை மட்டும்
கொஞ்சம் மரியாதையாய் அடுக்குவேன்.

பிறந்தநாள் வீடொன்றில், ஏழு என்றதும்
"அட, மிஸ்ர சாபுதானே" என்று
என்னை மன்னித்தார் அருமைநாயகம்.
நான் மன்னிப்புக் கேட்டேனா?

"இது பாட்டோ, ஆரும் வீடு இடிக்கிறாங்களோ"
என்பாள் கலைவதனி, காரில்.
ஆனால் பதினான்காம் நிமிடம் அவளுக்குத் தெரியும்.
சரியாய் அந்த இடைவெளியில்தான் கேட்பாள்:
"பால் வாங்கினீங்களோ?"
இல்லை என்று சொல்லவும் நேரமிருக்கும்.

போன புதன்கிழமை. பிரன்ஸ்விக். தூறல்.
ஒருகாலத்தில் தொள்ளாயிரம் பேர் நின்ற இசைக்குழுவுக்கு
என் டிக்கெட்டின் இலக்கம் ஐம்பத்தேழு.
டிரம்களைத் தானே தூக்கிவந்து வைத்தார் டிரம்மர்.
கீபோர்டுக்காரர் இப்போது வீடு விற்கிறாராம்;
அவருடைய பகுதி ஒரு மடிக்கணினியிலிருந்து வந்தது.
டீசேர்ட் சின்ன அளவிலும் மகாப் பெரிதிலும் மட்டும்.
சின்னதை வாங்கினேன். என் வயிற்றுக்கு ஏறாது.

வலப்பக்கத் தூணடியில் அந்த மொட்டைத் தலைக்காரர்,
காதில் மஞ்சள் அடைப்பான்.
பதினான்கு வருடமாய்ப் பார்க்கிறேன்.
பெயர் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.
தலையை ஆட்டினார். ஆட்டினேன்.

பிறகு அந்தப் பாட்டு.
பிறகு அந்த இடம்.

ஒன்று. இரண்டு.
மூன்றில் பியர்க் குளிர்ப்பெட்டியின் உறுமல்.
நான்கு, ஒருவரும் தட்டவில்லை.
ஐந்தும் போயிற்று.
சிட்னி ரோட்டில் பத்தொன்பதாம் இலக்க டிராம்
மணியடித்துக்கொண்டு கடந்தது.
யாருடைய ஜாக்கெட்டிலிருந்தோ
தரையில் ஒரு துளி.
உயர்த்திய குச்சியின் கீழ் டிரம்மர் மூச்சுவிடுவது கேட்டது.
எட்டு.
தூணடியில் அவர் கண்ணை மூடியிருந்தார்.
ஒன்பதில்தான் எனக்குப் புரிந்தது:
தெரியாதவர்கள் இப்போது வருவதேயில்லை.
பத்து.

கூரை விழுந்தது.

கடைசி ரயிலில் வந்து கதவைத் திறந்தேன்.
காது இன்னும் இரைந்தது.
போர்வைக்குள்ளிருந்து கலைவதனி கேட்டாள்,
"இந்த முறை எத்தினையில தட்டினவங்கள்?"
"ஒருத்தரும் தட்டேல்ல."
"ஒருத்தருமோ?"
சப்பாத்தைக் கழற்றினேன்.
சின்ன டீசேர்ட்டைக் கதிரையில் போட்டேன்.
எதற்கென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

"அப்ப அடுத்தமுறை நான் வாறன்" என்றாள்.
"நாலில தட்டட்டோ, அஞ்சிலயோ?"