செங்கல்

கிளீவ்லாந்தில், பழைய சலவைக்கடை ஒன்றின்
பின்கட்டில் இருந்தது ஸ்டுடியோ.
தண்ணீர் வடியச் சரித்துப் போட்ட தரை.
பியானோவின் ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தோம்.
வென்டல் ஸ்பைவி வேனிலிருந்து முதலில் இறக்கியது
டிரம்மை அல்ல, ஒரு செங்கல்லை.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம்.
மிதிகட்டை வைத்த பெரிய டிரம்முக்கு அவ்வளவுகூட வேண்டாம்,
ஒரே பாட்டில் முழம் போய்விடும்.
முப்பத்தொரு வருஷமாக அந்தச் செங்கல்தான்
அதன் நெஞ்சில் கைவைத்து நிறுத்தியிருக்கிறது.

அவன் பார்த்ததெல்லாம் முதுகுகள்.
பாடகிகளின் முதுகு, டிரம்பெட்காரர்களின் முதுகு,
எந்தக் கோட்டு எத்தனையாவது பாட்டில் நனையும்,
யார் உச்சத்துக்கு ஒரு மூச்சு முன்னால் தோளை ஏற்றுவார்கள்.
நாற்பத்து மூன்று ஆல்பங்களின் பின்னட்டையில்
அவன் பெயர் எறும்பளவு.
ஒன்றில் எழுத்துப்பிழையோடு.
அதைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தான்,
குளியலறையில்.

இந்த முறை பணம் அவனுடையது.
பல் கட்ட வைத்திருந்த பணம் என்றாள் ஒட்டெஸா,
பியானோவிலிருந்து, அவன் காதில் விழும்படி.
சிரித்தான். ஓட்டை தெரிந்தது.

நான் டபுள் பேஸ் வாசிப்பவன். உள்ளதைச் சொல்கிறேன்,
அன்று காலை அவன் மகா மோசமான தலைவன்.
"எப்படி வேணுமோ வாசிங்க."
டிரம்பெட் பையன் கொர்னீலியஸ், இருபத்திரண்டு வயது,
கட்டளைக்குக் காத்து
கன்னத்திலேயே காற்றை வைத்திருந்தான்.
முதல் டேக், நாலு பேர் ஒரே வாசலில்
"நீங்க முதல்ல" என்று நின்றதுபோல.
இரண்டாவதில் இன்னும் மரியாதை.
மூன்றாவது முடிந்ததும் பியோத்தர்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டான்:
"யாரு செத்தது?"

வென்டல் எழுந்து வெளியே போனான்.
ஏரியிலிருந்து பனி பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது.
திரும்பி வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்தான். செங்கல்லை எடுத்தான்.
பியானோ மேல் வைத்தான். ஒட்டெஸா முறைத்தாள்.
ஒன்று, இரண்டு என்று எண்ணவும் இல்லை

பிரஷ்ஷால் தோலைத் துடைத்தான்
மேசையில் சிந்திய உப்பை ஒதுக்குவதுபோல.
சிம்பலில் கொஞ்சம் சில்லறை.
பிறகு மிதித்தான்.
டிரம் நகர்ந்தது, ஒரு விரற்கடை.
ஸ்டூலை இடுப்பால் இழுத்துக்கொண்டு
கை நிற்காமல் கூடவே போனான்.
இன்னொரு மிதி. இன்னொரு விரற்கடை.
தரையும் அவன் கட்சி.
கொர்னீலியஸ் விலக வேண்டியதாயிற்று, விலகியபடியே ஊதினான்,
கால் தடுக்கிய இடத்தில்
யாரிடமும் கடன் வாங்காத ஒரு சுரம் வெளியே வந்தது.
அவனே திடுக்கிட்டான்.
நான் பேஸை அணைத்துக்கொண்டு நகர்ந்தேன்,
நிறைமாதக்காரியோடு நடனமாடுபவன் மாதிரி.
மைக்குகள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன.

பதினொரு நிமிடம்.
முடிந்தபோது எங்கள் எல்லோருக்கும் முன்னால்,
வடிகால் மூடிமேல் உட்கார்ந்திருந்தான்.
அவன் முதுகை அப்போதுதான் பார்க்கிறேன்.
வலது தோளில் தையல் விட்டிருந்தது.

"மைக்கை விட்டுப் போயிட்டீங்க," என்றான் பியோத்தர்,
"கடைசியில பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி கேக்குது.
இன்னொண்ணு எடுக்கலாமா?"
"போற சத்தம்தானே அது," என்றான் வென்டல்.
"இருக்கட்டும்."

மாசியில் அட்டை அச்சாகி வந்தது.
முன்பக்கம், பெரிதாக, அவன் பெயர்.
ஒரு எழுத்து குறைந்திருந்தது.
ஃபிரேமுக்கு ஆணி தேடுவான் என்று நினைத்தோம்.
அச்சகத்துக்குப் போன் போட்டான்.
ஒவ்வொரு எழுத்தாக, சமையலறை மேசையில்
விரலால் தட்டித் தட்டி.