ஒற்றைப் புருவம்

குலசேகரம் சந்தைக்கு எதிரே
மாடியில் என் கடை.
ஆனி மழை விடாத ஒரு பகல்,
பால்வெட்டு இல்லாத நாள்,
குடையை வாசலில் மடக்கிவிட்டு
றோஸ்லெட் வந்தாள்.
அவளுக்கு முன்னால் ரப்பர்பால் மணம்
நாற்காலியில் உட்கார்ந்தது.

"மகளுக்கு நாளைக்கு நிச்சயம்.
எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் பிள்ளே,
இந்தக் கோவத்த மட்டும் எடுத்துத் தா."

கோபமா?

"சும்மா நிண்ணாலும்
என்ன கோவம் எண்ணு கேக்கியாவ.
மாப்பிள வீட்டுல தப்பா நெனச்சிரப்பிடாது."

நூலை இழுத்து அளந்தேன்.
மூக்கின் ஓரத்திலிருந்து நேர்மேலே தொடக்கம்.
கருமணியைத் தொட்டுச் சாய்ந்தால் உச்சி.
கண்ணின் வால்வழியே போனால் முடிவு.
நீள முகம்;
வளைவை ஏற்றினால் இன்னும் நீளும்.
படுக்கையாக விடவேண்டும், தடிமன் குறையாமல்.
கோபம் இருந்தது
மூக்குப்பக்கம், கீழ்வரிசையில்
பதினைந்து இருபது முடி.
அவ்வளவுதான்.

நூலின் ஒரு முனை என் பல்லில்.
அவள் கண்ணை மூடி
இமையை இழுத்துப் பிடித்தாள்.
விரல் நுனியெல்லாம் கறை ஏறிய வெடிப்பு.
"ஆழமா போவாதே," என்றாள்.
"பட்டை போதும். தடியில பட்டா
மரம் பிறவு அந்த இடத்துல முண்டு கெட்டும்."
வாயில் நூல் இருந்ததால்
உம் கொட்டினேன்.

இடது முடிந்தது. கண்ணாடி கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள்.
உள்ளங்கையால் வலப்பக்கத்தை மறைத்தாள்.
பிறகு இடப்பக்கத்தை.
மறுபடி.
தகரத்தில் மழை கூடிற்று.
"இவ நல்லவளாட்டு இருக்கா,"
இடதைக் காட்டினாள்.
"யாருண்ணுதான் தெரியல்ல."

வலதுக்கு நூலை முறுக்கினேன்.

"அது கெடக்கட்டு."

அக்கா, ரெண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால்
என் கடைக்கல்லவா கெட்ட பெயர்!

"எடை போடுதவனுக்கு
இந்தக் கண்ணுக்கு மேலத்தான் பேடி.
இந்தப் பக்கமாட்டு நிண்ணா
நாப்பது கிலோவ
முப்பத்தாறெண்ணு எழுதமாட்டான்."

பவுடர் தடவும் சாக்கில்
வலதில் ஒரே ஒரு முடியை எடுத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் புருவம் மட்டும்
ஏறி இறங்கிற்று.

எண்பது வாங்கும் இடத்தில் நாற்பது வாங்கினேன்.
எண்ணிப் பார்த்துத்தான் தந்தாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன்.
நிறுத்தத்தைத் தாண்டிக் கிளம்பிவிட்ட
பேச்சிப்பாறை பஸ்ஸுக்கு முன்னால்
குடையும் விரிக்காமல் நின்றாள்.
எனக்கு அவள் கொண்டைதான் தெரிந்தது.
டிரைவருக்கு எந்தப் பக்கம் தெரிந்ததோ,

பஸ் நின்றது.