செல்லாத செவ்வகம்

யஷ்வந்தபுரம் மண்டி, எடைமேடை அறை.
வெளியே சள்ளகெரெ வெங்காய லாரி.
உள்ளே எக்ஸ்பி ஓடும் கிழட்டுக் கணினி,
விசைப்பலகையின் இடுக்கெல்லாம் வெங்காயச் சருகு.

லாரி மேடையேறி நின்றுவிட்டது.
திரையில் இன்னும் போன லாரியின் எடை.

மாதப்பா பதறவில்லை.
கால்குலேட்டரைத் திறந்தார்,
அதன் தலையைப் பிடித்து
எண்ணின் மேல் ஒரு தரம் இழுத்துவிட்டார்,
ஓட்டல் மேசையைத் துடைக்கிறவர் போல.
அது கடந்துபோன இடத்தில்
பதினான்காயிரத்து முந்நூற்று இருபது கிலோ
புத்தம் புதிதாக நின்றது.
"இஷ்டே மேடம்."

மூன்று வருடமாக இப்படித்தானாம்.
மூன்று வருடத்துக்கு முன்
அந்த நிரலை எழுதியவள்
நான்.

போன வாரம் துடைக்கிற கை பாதியில் நின்றுவிட்டது.
மேல்பாதி மூன்று, கீழ்ப்பாதி ஏழு:
எந்த லாரியும் எடுத்துவராத ஓர் எண்.
டிரைவர் அதைப் படமெடுத்துக்கொண்டு
வியாபாரிகள் சங்கம்வரை போயிருக்கிறார்.
அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வருகிற வழியில், கொரகுண்டேபாளையா சிக்னலில்,
வக்கீலிடமிருந்து செய்தி வந்தது:
ஆர்டர் ஆகிவிட்டது, நகல் வெள்ளிக்கிழமை.
படித்தேன்.
இருபது ரூபாய் கூடக் கேட்ட ஆட்டோக்காரரிடம்
பத்துக்குச் சண்டை போட்டு ஜெயித்தேன்.

தவறு சின்னதுதான்.
எடை மாறியதை நினைவகத்துக்குச் சொல்லியிருந்தேன்,
கோப்புக்கு, ரசீது அடிக்கிற பெட்டிக்கு,
எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.
முகத்துக்குச் சொல்லவில்லை.

ஜன்னல் தானாக எதையும் உணராது.
மேலே ஒன்று மூடி விலகினால்
மூடிய பட்டையை மட்டும் திரும்ப வரையும்.
மற்றபடி யாராவது சொல்ல வேண்டும்,
இந்தச் செவ்வகம் இனிச் செல்லாது என்று.
வரை என்று அதட்ட வேண்டியதில்லை.
செல்லாது என்று குறித்துவிட்டு
நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

உடனே வரையாது.
சுட்டி அசைந்தது, விசை அழுந்தியது,
யாரோ எதற்கோ கூப்பிட்டது,
எல்லாம் வரிசையில் அதற்கு முன்னால் நிற்கும்.
வரிசை காலியாகும்போதுதான் அதன் முறை.
அதுவரை நூறு தரம் செல்லாது என்றாலும்
வரைவது ஒரு தரம்தான்.

ஒரே ஒரு வரி.
எழுதினேன், தொகுத்தேன், நிறுவினேன்.
மாதப்பா வாங்கிக்கொடுத்த காபியைக் குடித்தேன்.
தங்கை போன் செய்தாள்,
அப்புறம் பேசுகிறேன் என்றேன்.
மண்டிக்காரர் ஜிஎஸ்டி பற்றி ஏதோ கேட்டார்,
அது என் வேலையில்லை, அதற்கும் பதில் சொன்னேன்.

அடுத்த லாரி ஏறியது.
எண் தானாகவே எகிறி,
தள்ளாடி,
நிலைத்தது.
மாதப்பா அதைக் கொஞ்ச நேரம்
முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கால்குலேட்டரை எடுத்து
அதன் மேல் ஒரு இழுப்பு.
அதே எண்.
"ஈக சரி," என்றார்.

இருட்டுகிற நேரத்துக்கு மெட்ரோ.
பச்சை வழித்தடம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கைபேசி அடிக்கவில்லை.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
சாண்டல் சோப் ஃபேக்டரி போயிற்று.
மகாலட்சுமி வருவதற்குள்
எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்
என்னைப் பார்த்தாள்,
பையை மடியிலிருந்து எடுத்தாள்,
எழுந்து இடம் கொடுத்தாள்.

ஏன் என்று கேட்கவிருந்தேன்.