ஜவுளிக்கடைப் பொம்மைகள்

சின்னக்கடை வீதியில் மூடிப்போன ஜவுளிக்கடையிலிருந்து
பதினொரு பொம்மைகளை
ஆட்டோவில் ஏற்றி வந்தோம்.
பட்டு வேட்டி கட்டிப் பழகிய இடுப்புகள்.
இனி கைதிகள்.

காப்பாளர் மெகருன்னிசா கேட்டது
ஐம்பதாம் வருஷத்துச் சேலம் சிறைக் கொட்டடி.
சுடுவதற்கு முந்தைய காலை.
"அதற்குப் பிந்தியது வேண்டாம்" என்றார்.
"சிவப்புப் பெயிண்ட் பக்கமே போகாதீங்க."

ஜன்னலை வடக்கே வைத்தோம்.
கைதிக்கும் சேர்வராயன் மலை தெரிந்திருக்கும்,
வெயிலுக்கு முந்தைய நீலத்தில்.
மலையை நானே வரைந்தேன்.
கொஞ்சம் உயரம் கூடிவிட்டது.

வெளுத்த தோலுக்குக் கரியும் காவியும் குழைத்தேன்.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய அலுமினியத் தட்டுகளை
மணல் போட்டுத் தேய்த்துப்
புதுசின் திமிரை அடக்கினேன்.
சட்டைக்கு எண் குத்தினேன்.
சிரிப்பைத்தான்
என்ன செய்தும் அழிக்க முடியவில்லை.
உப்புத்தாள் தேய்ந்தது, உதடு தேயவில்லை.
ஆடித் தள்ளுபடிக்குச் சிரித்த அதே சிரிப்பு.

இரண்டு நாள் பேச்சு. கடைசியில்
"இருக்கட்டும்" என்றார் மெகருன்னிசா.
"அன்னைக்குக் காலையில எவனாவது ஒருத்தன்
உப்பில்லாத கூழைப் பத்தி
ஏதாவது சொல்லியிருப்பான்."

திறப்பு விழாக் கூட்டம் கலைந்த பிறகு
தனியாக வந்தார்
ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் குஞ்சப்பன்.
வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர்
ஏழாவது பொம்மை முன் நின்று
"என்னப்பா" என்றார்,
டவுன் பஸ்ஸில் தெரிந்தவனைக் கண்ட மாதிரி.
பிறகு சுற்றிலும் பார்த்து, வெட்கப்பட்டு,
வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

காலில்தான் இருந்தது.