நாற்பத்தோரு கம்பங்கள்

பேசுமுன் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள்.
எல்டன் ரூஸிச்கா. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.
குறிப்பெடுக்கும் பெண் தலையசைத்தாள்.
கேட்டார்கள், கொடுத்தேன்.
இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் செனட்டர்களே,
கேட்டார்கள்.

மேசையில் பச்சை விளக்கு.
மூன்று நிமிடம்.

நான் கம்பம் நடுகிறவன்.
ப்ளாட் ஆற்றுக்குத் தெற்கே
சோளக்காட்டு ஓரங்களில், பள்ளிக்கூட வளைவில்,
தேவாலயத்துக்கும் மதுக்கடைக்கும் பொதுவான
அந்த ஒரே வாகன நிறுத்தத்தில்
நாற்பத்தோரு கேமராக்களுக்கு இந்தக் கைகள் போல்ட் முடுக்கின.
மேலே சோலார் பலகை, கீழே கறுப்புக் குழல், இமை கிடையாது.
எண்ணும் எழுத்தும் தவிர
வேறொன்றும் படிக்காத கண்.
திருட்டு வண்டியைப் பிடிக்க என்றார்கள்.
பிடித்தது. மறுக்கவில்லை.

எங்கள் ஊரிலும் வண்டி எண்ணைப் படிக்காத ஆள் இல்லை.
தகட்டின் முதல் எண்ணே மாவட்டத்தைச் சொல்லிவிடும்.
“எழுபத்திரண்டுக்கு இங்கே என்ன வேலை?” என்பார்
விதைக் கடை வாசலில் ஆர்லோ ப்லாஹா.
சாயங்காலத்துக்குள் மறந்தும் போவார்.
அந்த மறதியின் நிழலில்தான்
இத்தனை காலம் அக்கம்பக்கமாய் இருந்தோம்.
யார் எந்த மருத்துவரிடம் போனார்,
யார் வண்டி விடியும்வரை எந்த வீட்டு முன் நின்றது,
குடியை விட்டவர்கள் செவ்வாய்தோறும் கூடும் நிலவறை எது,
எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும்.
ஒருவருக்கும் முழுக்கத் தெரியாது.

கம்பத்துக்கு முழுக்கத் தெரியும்.

என் வண்டியின் படங்களைக் கேட்டு எழுதினேன்.
அவை நிறுவனத்தின் சொத்து என்று பதில் வந்தது.
முகவரி மட்டும் சரியாக இருந்தது.

மஞ்சள் விழுந்துவிட்டது, வேகமாகச் சொல்கிறேன்.

ரமோனா ஸெய்ட்ஸ். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவள்.
பெயரைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.
கணவனை விட்டு இரண்டு மாவட்டம் தள்ளிப் போனாள்.
அவன் துணை ஷெரிஃப்.
இந்தக் காலத்தில் வேலி பயிரை மேய
எழுந்து நடக்கக்கூட வேண்டாம்,
ஒரு கடவுச்சொல் போதும்.
ஐந்து வாரத்தில் தொண்ணூற்றாறு முறை தேடினான்.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
ஒவ்வொரு முறையும் “விசாரணை” என்று தட்டினான்.
ஒருநாள் அவசரத்தில் “விசரணை”.
அதையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.
அவளுடைய புது வாசலில் அவன் வந்து நின்ற இரவு
வழிகாட்டியது இருபத்தாறாம் கம்பம்.
நான் நட்டது.
மட்டம் பார்த்து, நேராக நட்டேன்.

பிடுங்கி எறியச் சொல்லவில்லை.
குழந்தை காணாமல் போனால் பாருங்கள்,
அந்த நொடியே பாருங்கள்.
மற்றதற்கெல்லாம் நீதிபதியிடம் போய்க் கேளுங்கள்.
பார்த்தவர் பெயரும் பதிவாகட்டும்.
எங்கள் சாலைகளை வேறு மாநிலத்துக்கு
இரவல் கொடுக்காதீர்கள்.
மூன்று நாளில் அழித்துவிடுங்கள்.
ஆர்லோவுக்கு இயல்பாய் வந்ததை
இயந்திரத்துக்குச் சட்டம் போட்டுத்தான் சொல்லித்தர முடியும்:
மற.

சிவப்பு.

தலைவர் நன்றி சொன்னார், கேள்வி உண்டா என்றார்.
ஒருவர் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.
எனக்கு அடுத்தவர் நிறுவனத்தின் ஆள்.
நல்ல கோட்டு. என்னைவிட நன்றாகப் பேசினார்.
அவருக்கும் அதே மூன்று நிமிடம்.
அது நியாயம்தான்.

திரும்பும் வழியில், யார்க் தாண்டி, பெட்ரோல் போட நின்றேன்.
மார்ச் மாதச் சேறு தகட்டை அப்பியிருந்தது.
ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.
அப்படியே விட்டிருக்கலாம்.
வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் பதினோரு கம்பங்கள்.
கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன்,
முதலில் மாவட்ட எண், பிறகு கோடு, பிறகு மீதி.
ஒளிவதற்கா அத்தனை தூரம் போனேன்?