பாழ் என்று ஒரு சொல்

குருமண்வெளித் துறையில் நிற்கிறேன்.
பாதை இன்னும் அக்கரையில்.
பையில் இரண்டு கட்டுத் தாள்கள்:
ஒன்று பிரதேச செயலகத்தின் காணிக் கோவை,
மற்றது தபால்வழி எம்.ஏ.க்குப் படிக்கும்
நோர்மன் இங்கிலாந்து, ஒளிநகல்,
மூன்றாம் பக்கத்தில் யாரோ ஊற்றிய தேநீரோடு.

கடல் தாண்டி வந்து வென்ற அரசன்
இருபதாம் ஆண்டில் கணக்கெடுக்க ஆளனுப்பினான்.
ஊருக்கு ஊர் அதே கேள்வி, மூன்று தடவை:
பழைய அரசன் நாளில் இது யாருடையது?
அரசன் கொடுத்தபோது யாருடையது?
இன்றைக்கு யாருடையது?
எத்தனை கலப்பை, எத்தனை எருது,
ஆற்றில் எத்தனை மாவாலை, எத்தனை விலாங்கு.
(விலாங்கு! வாடகையை விலாங்காகக் கட்டியிருக்கிறார்கள்.
படித்த அன்று சிரித்தேன்.
எங்கள் வாவிக்காரரிடம் சொன்னால் சிரிக்கமாட்டார்கள்.
கிலோ என்ன விலை போனது என்று கேட்பார்கள்.)

சில ஊர்களுக்கு எதிரே ஒரே சொல்:
பாழ்.
மை மிகக் குறைவாகச் செலவான வரி.

அறிஞர்கள் அந்தச் சொல்லோடு
இன்னும் வழக்காடுகிறார்கள்.
படை எரித்ததால் பாழ் என்கிறார் ஒருவர்.
வரி வராத நிலத்தைத்தான் அப்படிக் குறித்தார்கள்
என்கிறார் இன்னொருவர்.
எழுதப் போனவனுக்கு அன்றைக்கு மழை,
அடுத்த ஊர் தூரம், கூட வந்தவனுக்குக் காய்ச்சல்;
இப்படி ஒருவர் எழுதியும் நான் காணவில்லை.
எனக்கு அந்த மழை தெரியும்.

பாதை பாதித் தூரம் வந்துவிட்டது.

நீளமான ஒரு துணியும் இருக்கிறது அவர்களிடம்.
கப்பல், குதிரை, வெட்டு, வால்வெள்ளி,
எல்லாம் கம்பளி நூலில்.
வென்ற பக்கத்தார் தைப்பித்தது என்று நம்புகிறார்கள்.
ஆனாலும் எரிகிற வீட்டிலிருந்து
பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு
ஒருத்தி வெளியே வருகிறாள். பெயரில்லை.
வேறோரிடத்தில் ஒருத்திக்குப் பெயருண்டு,
அந்த வாக்கியத்துக்குப் பயனிலை இல்லை.
அவள் என்ன செய்தாள், அவளை என்ன செய்தார்கள்,
ஊசிக்குத்தான் தெரியும்.

மண்ணுக்குள் காசுப் பானைகளும் அகப்படும்.
புதைத்தவர் திரும்பவில்லை என்பதற்கு
அந்தப் பானையே முதல் சாட்சி.
திரும்பி வந்து தோண்டி எடுத்தவரின் பானை
அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை.

மண்டூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து,
பிறகு வரம்பில் நடந்து
திரவியத்தின் வட்டைக்கு வந்து சேர்ந்தேன்.
என் படிவத்திலும் மூன்று நிரல்:
தொண்ணூறுக்கு முன். இடையில். தற்போது.
நடு நிரலுக்குப் பழைய கோவையைப் புரட்டினேன்.
தொண்ணூற்றிரண்டில் யாரோ எழுதிய வரி:
ஆளில்லை. காடு.
அழகான கையெழுத்து, சுழியெல்லாம் அச்சுப்போல.

திரவியம் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன்.

"ஆளில்லையாமா?
மறுகா ஆரு இந்த வரம்பக் கட்டினது?
பகல்ல வரமாட்டம்.
விடியமுதல் வந்து ரெண்டு மரைக்கால் விதைச்சிட்டு
கிறுகிப் போயிருவம்.
ஜீப் சத்தம் கேட்டா வாய்க்காலுக்குள்ள இருப்பம்,
மூக்கு மட்டும் வெளிய.
உங்கட ஆள் ஜீப்பிலதானே வந்திருப்பார்?"

அவர் பொய் எழுதவில்லை.
ஜீப்பிலிருந்து பார்த்தால் ஆளில்லைதான்.

பிறகு ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தா.
மாமரத்தடியில் புதைத்து, எட்டு வருடம் கழித்து
தானே தோண்டி எடுத்தது.
உறுதியின் நடுப்பகுதியைக் கறையான் தின்றிருந்தது:
வாங்கியவர் பெயர் இல்லை, விலை இல்லை.
வடக்கெல்லை மட்டும் முழுசாக:
கந்தப்போடியின் வாய்க்கால்.
அந்த வாய்க்காலேதான்.

நடு நிரலில் ஒரு விரலகலம் இடம்.
பழைய வரியை அப்படியே பெயர்த்தெழுதினேன்.
அதன் கீழே, எழுத்தைச் சிறிதாக்கி:
இருந்தார்கள், தண்ணீருக்குள்.
சொன்னவர் க. திரவியம்.
மேலதிகாரி சிவப்பில் கேள்விக்குறி போட்டு
திருப்பி அனுப்புவார். அனுப்பட்டும்,
அந்தக் கேள்விக்குறியும் கோவையில் இருக்கும்.

எழும்பும்போது கேட்டா:
"எரும எத்தினையெண்டு எழுதல்லியா?"
படிவத்தில் அதற்கு நிரலில்லை என்றேன்.

தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தியவன்
எருதையாவது எண்ணினான்.