மீதி ஆறு

எண்ணை இங்கே எழுதமாட்டேன். பழக்கம்.
ஒன்பது இலக்கம், ஒற்றை எண்,
இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்து மூன்று.
முதல் இரண்டும் பிறந்த வருடம்,
அடுத்த மூன்றும் பிறந்த நாள்,
பெண் என்பதால் அதில் ஐந்நூறு கூட.
அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் இருபத்தொன்பது நாள்;
பங்குனியில் பிறந்த எனக்குள்
அந்த வருடம் விடியாத ஒரு நாளும் இருக்கிறது.
கடைசியில் நிற்கும் ஆங்கில எழுத்தை வகுக்க முடியாது.
விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றாறு. மழை இல்லை, ஆகவே கரண்டும் இல்லை.
வெள்ளவத்தையில் கடல் பக்கத்து லொட்ஜ், மூன்றாம் மாடி,
இரண்டு கட்டில், ஒரு மெழுகுதிரி.
மன்னார் பிளசிடா ஜெபமாலை உருட்டுவாள்.
ஐம்பத்து மூன்று அருள்நிறை மணி, அது பகா எண்.
சொன்னேன், சிரிக்கவில்லை.
நான் சீ.ஆர். கொப்பியில் என்னை வகுத்துக்கொண்டிருப்பேன்,
மூன்றால், ஏழால், பதினொன்றால்.
இருபத்தேழாயிரத்துச் சொச்சம் வரை போனால் போதும்,
அதற்குள் பகா எண்கள் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
ஒன்றும் உடைக்காவிட்டால் நானும் பகா எண்.
ஏழுக்கு மீதி ஆறு வந்தது.
பாணந்துறை ரயில் போகையில் சுடர் சாயும்,
மனதில் பிடித்திருந்த மிச்சம் விழுந்துவிடும்,
மறுபடி முதலிலிருந்து.

பம்பலப்பிட்டிச் சாவடியில் ஒரு மாலை
நூறாம் நம்பர் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள்.
என்னிலும் இளையவன், ஐசியை வாங்கி
ஹத, ஹதர என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி
பதிவேட்டில் எழுதினான்.
தலைகீழாய் வாசித்தேன்.
ஆயிரத்தின் இடத்தில்
என் ஒன்று அவன் கையில் ஏழாகியிருந்தது.

திருத்தவில்லை.

அன்றிரவு பார்த்தேன்: ஆறாயிரம் கூடிய ஒருத்தி.
இரண்டுக்கும் மூன்றுக்கும் ஐந்துக்கும்
அவளும் நானும் ஒரே ஆள்; மீதிகள் அசையவில்லை.
ஏழுக்குத்தான் தெரிந்துவிட்டது.
ஆறாயிரத்தை ஏழால் வகுக்க ஒன்று மிஞ்சும்,
என் ஆறோடு அந்த ஒன்றும் சேர
அவளுக்கு மீதியே இல்லை.
ஏழு நாற்பதுக்குச் சாவடியைக் கடந்தவள்
ஏழு சமபங்காய்ப் பிரிந்துபோகக்கூடியவள்.
அவளைத் தேடி வந்தால்
எந்தக் கதவில் தட்டுவார்கள் என்று கேட்டாள் பிளசிடா.
வகுத்தலில் அதற்கு வழியில்லை.

ஆவணியில் அவள் ரொறன்ரோ போய்விட்டாள்.
நான் நாலாயிரத்து ஒன்றில் நின்றேன்,
ஐந்நூற்று ஐம்பத்தோராவது பகா எண்.
அதுவும் என்னை உடைக்கவில்லை.

இப்போது பன்னிரண்டு இலக்கம் தந்திருக்கிறார்கள்.
முன்னால் ஒரு பத்தொன்பது, நடுவில் ஒரு பூச்சியம்.
இனி நாலு லட்சத்து நாற்பதினாயிரமும் தாண்டித் தேடவேண்டும்,
ஆயுசு காணாது.
இலக்கங்களின் கூட்டு மட்டும் ஐம்பத்து மூன்று.
பிளசிடாவுக்குச் சொல்லவேண்டும்.

கொப்பி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில்
4003 என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.
அதன் கீழே மெழுகு சொட்டியிருக்கிறது.